வயரிங் வேலை தெரிந்தவர் சான்றிதழ் பெறுவது எப்படி?

இடம்பெயர்ந்திருந்த காலத்தில் உங்களில் சிலர் ஒரு கைத்தொழிலைப் பழகியிருப்பீர்கள். மேசன்மாருடன் கூலிக்குப் போய்ச் சுவரில் குழாய் பதித்திருப்பீர்கள். நலன்புரி நிலையத்தில் விளக்கு எரியாதபோது உங்களைத்தான் கூப்பிட்டிருப்பார்கள். இப்போது ஊர் திரும்பிவிட்டீர்கள். வீதியால் மின்கம்பி வருகிறது, புதிய கல்வீடுகள் எழும்புகின்றன. "தம்பி, இந்தப் பிளக்கை ஒருக்காப் பார்த்துவிடு" என்று அயலவர் கேட்கிறார்கள்.

வேலை இருக்கிறது. ஆனால் ஒப்பந்தகாரர் "சான்றிதழ் இருக்கா?" என்று கேட்டால் பதில் இல்லை. அதனால் முழு வேலையையும் நீங்களே செய்தாலும் உதவியாளின் சம்பளமே கைக்கு வருகிறது. இந்தப் பாடம் அந்தச் சான்றிதழைப் பெறும் வழியைச் சொல்கிறது. எந்த வேலையைச் செய்யலாம், எதைச் செய்யவே கூடாது என்பதையும் சொல்கிறது.

எந்தச் சான்றிதழ்?

இலங்கையில் கைத்தொழில் திறமைக்கு அரசு தரும் அங்கீகாரம் தேசிய தொழில் தகைமை. இதை எல்லோரும் என்.வீ.கியூ. என்பார்கள். இதில் 7 மட்டங்கள் உண்டு. 1 முதல் 4 வரை சான்றிதழ்கள், 5, 6 டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமமானது. வீட்டு மின்வேலை செய்பவர் மின்னிணைப்பாளர் பிரிவில் 3ஆம் அல்லது 4ஆம் மட்டத்தை நோக்க வேண்டும். 4ஆம் மட்டம் முழுமையான கைவினைஞருக்குரியது. இந்தத் தகைமை முறையை நடத்துவது மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு.

இரண்டு வழிகள்

முதலாவது, பயிற்சிநெறி. தொழில் பழகாதவருக்கும் அரைகுறையாகப் பழகியவருக்கும் இது பொருந்தும். தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையத்திலோ, அங்கீகாரம் பெற்ற வேறு நிலையத்திலோ படித்து, இறுதியில் மதிப்பீட்டுக்குத் தோற்றலாம். சேருமுன் அந்தப் பயிற்சிநெறிக்கு என்.வீ.கியூ. அங்கீகாரம் உண்டா, எத்தனையாம் மட்டம் என்று கேளுங்கள். அங்கீகாரம் இல்லாவிட்டால் முடிவில் கிடைப்பது அந்த நிலையத்தின் கடதாசி மட்டுமே.

இரண்டாவது, முன்கற்றலை அங்கீகரித்தல். வேலை செய்தே தொழில் பழகியவருக்கு இது. மீண்டும் வகுப்பில் இருக்கத் தேவையில்லை. நீங்கள் செய்த வேலைகளுக்கான சான்றுகளைக் கோவையாகக் கொடுத்து, மதிப்பீட்டாளர் முன் வேலையைச் செய்துகாட்ட வேண்டும். தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்தில் இதைப்பற்றிக் கேட்கலாம். தமிழில் மதிப்பீடு வேண்டும் என்பதை விண்ணப்பிக்கும்போதே தெரிவியுங்கள். இரண்டு வழிகளும் பெண்களுக்கும் திறந்தவை.

சான்றுகள் தொலைந்திருந்தால்

எல்லாவற்றையும் விட்டு ஓடியவர்களிடம் பழைய கடிதம் எங்கே இருக்கப்போகிறது? மனம் தளர வேண்டாம். இன்றிலிருந்து சேர்க்கத் தொடங்குங்கள்:

• தேசிய அடையாள அட்டை இல்லையென்றால் முதலில் கிராம உத்தியோகத்தரிடம் செல்லுங்கள். பிறப்புச் சான்றிதழின் பிரதிக்குப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பியுங்கள்.
• உங்களை வேலைக்கு வைத்திருந்த மேசன் அல்லது ஒப்பந்தகாரரிடம், எந்தக் காலத்தில் என்ன வேலை செய்தீர்கள் என்று ஒரு கடிதம் வாங்குங்கள்.
• வயரிங் செய்துகொடுத்த வீட்டுக்காரரிடமும் கையெழுத்துடன் ஒரு கடிதம் கேளுங்கள்.
• இனிச் செய்யும் ஒவ்வொரு வேலையையும் தொடக்கத்திலும், குழாய் மூடப்படுமுன்னும், முடிவிலும் படம் எடுங்கள்.
• ஒரு கொப்பியில் திகதி, இடம், செய்த வேலை, பாவித்த பொருட்கள் என்பவற்றை எழுதுங்கள். கடைப் பற்றுச்சீட்டுகளை அதிலேயே ஒட்டிவையுங்கள்.

பணம் கொடுத்தால் சான்றிதழ் எடுத்துத் தருவோம் என்று வருபவரை நம்பாதீர்கள். கட்டணத்தை அலுவலகத்தில் நேரில் செலுத்திப் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

மதிப்பீட்டில் எதைப் பார்ப்பார்கள்?

விளக்கு எரிந்தால் போதும் என்று வேலை செய்து பழகியவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். எரிகிற விளக்கு, வயரிங் சரி என்பதற்குச் சாட்சி அல்ல. பின்வருவனவற்றைப் பழகுங்கள்:

1. பிரதான சுவிற்சை நிறுத்திய பின்னரே வேலை தொடங்குங்கள். ரெஸ்ரரை முதலில் மின் இருக்கும் இடத்தில் வைத்து, அது எரிகிறதா என்று பாருங்கள். பிறகே மின்னை நிறுத்தி, வேலைசெய்யும் இடத்தில் வைத்துப் பாருங்கள். பழுதான ரெஸ்ரர் எப்போதும் "மின் இல்லை" என்றே காட்டும்.
2. கம்பிகள் இடையில் அறாமல் தொடர்ந்து போகின்றனவா என்று சோதியுங்கள்.
3. காவலித் தடையை 500 வோல்ற்று நேரோட்டத்தில் அளவுங்கள். 1 மெகா ஓமுக்குக் குறையக் கூடாது.
4. சுவிற்ச் உயிர்க்கம்பியில் இருக்க வேண்டும். நடுநிலைக் கம்பியில் இருந்தால் விளக்கு அணைந்த பிறகும் ஹோல்டரில் மின் நிற்கும்.
5. புவித்தொடுப்பையும் ட்ரிப் சுவிற்சையும் சோதியுங்கள். வீடுகளுக்குப் போடுவது 30 மில்லி அம்பியர் கசிவில் மின்னை நிறுத்தும் ட்ரிப் சுவிற்ச்.

நிறங்களிலும் கவனம் வேண்டும். பழைய வயரிங்கில் உயிர்க்கம்பி சிவப்பு, நடுநிலை கறுப்பு, புவி பச்சை. புதிய கம்பிகளில் உயிர்க்கம்பி கபிலம், நடுநிலை நீலம், புவி பச்சையும் மஞ்சளும். ஒரே வீட்டில் இரண்டும் கலந்திருக்கலாம். நிறத்தை மட்டும் நம்பாமல் சோதித்தே முடிவெடுங்கள்.

திரும்பி வந்த வீடுகளில்

கூரையில்லாமல் பல மாரியை நனைந்து நின்ற வீட்டின் வயரிங்கிற்கு நேரே மின் கொடுக்காதீர்கள். குழாய்க்குள் தண்ணீர் நிற்கலாம். எலி கம்பியைக் கடித்திருக்கலாம். காவலிச் சோதனையில் தேறாத கம்பியை இழுத்தெறிந்து புதிதாகப் போடுங்கள். வீட்டுக்காரர் செலவுக்குப் பயந்தால், முழு வீட்டுக்கும் பழைய கம்பியில் மின் கொடுப்பதைவிட ஓர் அறைக்கும் குசினிக்கும் மட்டும் புதிய கம்பி போட்டுக் கொடுங்கள்.

புவித்தொடுப்புக் கோல் அடிப்பது நிலத்தைத் துளைக்கும் வேலை. கண்ணிவெடி அகற்றிக் கையளிக்கப்பட்ட காணியில் மட்டுமே அடியுங்கள். மண்டையோட்டுச் சின்னத்துடன் சிவப்புப் பலகை இருக்கும் இடத்துக்குள் போகவே வேண்டாம். சந்தேகமான பொருள் தென்பட்டால் தொடாதீர்கள். வந்த அடிச்சுவட்டிலேயே திரும்பிச் சென்று கிராம உத்தியோகத்தருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள்.

முடியாது என்று சொல்ல வேண்டிய வேலைகள்

சான்றிதழ் இருந்தாலும் மூன்று வேலைகளைச் செய்யாதீர்கள்.

ஒன்று, மீற்றரின் முத்திரையை உடைப்பதும் வீதிக் கம்பியிலிருந்து வீட்டுக்கு வரும் கம்பியைத் தொடுவதும். அவை மின்சாரம் வழங்கும் நிறுவனத்தின் பக்கம். உங்கள் வேலை மீற்றருக்குப் பிறகுதான்.

இரண்டு, கம்பியில் கொக்கி போட்டுக் களவாக மின் எடுத்துக்கொடுப்பது. அது சட்டப்படி குற்றம். கொடுத்தவரும் பொறுப்பாளி.

மூன்று, பன்றிக்கும் யானைக்கும் தோட்ட வேலியில் வீட்டு மின்னைப் பாய்ச்சுவது. பயிர் அழிந்தவரின் வேதனை உண்மையானது. கேட்பவர் உங்கள் மாமாவாகவும் இருக்கலாம். ஆனால் 230 வோல்ற்று ஓடும் வேலிக்குப் பன்றி எது, விடியற்காலையில் மாடு தேடிப் போகும் பிள்ளை எது என்று தெரியாது. இப்படியான வேலிகளில் மனிதரும் இறந்திருக்கிறார்கள். "மாமா, அதை மட்டும் கேட்காதேங்கோ" என்று சொல்லிவிடுங்கள். யானை வேலிக்கு என்ன செய்யலாம் என்று வனஜீவராசிகள் அலுவலகத்தில் கேட்க அவரோடு கூடப் போங்கள்.

சொந்தமாகத் தொடங்கும்போது

உங்கள் சொந்தப் பெயர் அல்லாத ஒரு தொழிற்பெயரில் வேலை செய்வதானால், அந்தப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதிவுசெய்யுங்கள். கூலியையும் பொருட்செலவையும் பிரித்து எழுதிக் கொடுங்கள். முடிந்த வேலையின் சோதனை அளவுகளை ஒரு தாளில் எழுதி, ஒன்றை வீட்டுக்காரரிடம் கொடுத்து, மற்றதை வைத்துக்கொள்ளுங்கள். நாளை ஒரு பிரச்சினை வந்தால் உங்களுக்காகப் பேசுவது அந்தத் தாள்தான்.

இந்த வாரம் செய்து பாருங்கள்

• இதுவரை செய்த வேலைகளில் ஐந்தைக் கொப்பியில் எழுதுங்கள். யாரிடம் கடிதம் கேட்கலாம் என்று ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் குறியுங்கள்.
• மேலே உள்ள ஐந்து சோதனைகளில் உங்களுக்குத் தெரியாதது எது? அதைச் சொல்லித்தரக்கூடியவர் ஊரில் யார்?
• உங்கள் வீட்டில் ட்ரிப் சுவிற்ச் இருந்தால் அதன் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். மின் நின்றதா? நிற்கவில்லை என்றால், உங்கள் முதல் வேலை உங்கள் வீட்டிலேயே இருக்கிறது.