குளிரைவிட வியர்வைக்கு அஞ்சுங்கள்

நோர்வேயில் வாழும் வாசகர்களின் குளிர்காலக் கேள்விகளுக்கு இம்முறை பதில்.

கேள்வி: எனக்கு 45 வயது. யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவன். பிள்ளைகள் இருவரும் பள்ளிக்கூடத்திலேயே ஸ்கீ பழகிவிட்டார்கள். நான் கரையில் நின்று படம் எடுப்பதோடு சரி. ஒரு சனிக்கிழமையாவது அவர்களோடு சேர்ந்து போக ஆசை. இனிமேல் பழக முடியுமா? எங்கே தொடங்கலாம்?
– ஒரு தந்தை, ஒஸ்லோ

பதில்: தாராளமாகப் பழகலாம். மலைச்சரிவில் வேகமாக இறங்கும் அல்பின் ஸ்கீ வேறு, காட்டுப்பாதையில் நடையும் வழுக்கலுமாகப் போகும் லாங்ரென் வேறு. லாங்ரென்னில் சப்பாத்தின் முனை மட்டும்தான் பலகையில் பூட்டப்பட்டிருக்கும். குதிக்கால் தூக்கி நடக்கலாம்.

பலகையின் நடுப்பகுதி சற்றே மேல்நோக்கி வளைந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உடல் பாரம் முழுவதும் ஒரே காலில் இறங்கும்போது அந்த வளைவு அமுங்கிப் பனியைப் பிடிக்கும். அந்தப் பிடிப்பை ஊன்றித்தான் மற்றக் காலை முன்னே வழுக்கவிட வேண்டும். பயத்தில் இரண்டு காலிலும் பாரத்தைப் பங்கிட்டால் பிடிப்பு கிடைக்காது. ஏற்றத்தில் பின்னால் வழுக்கும். புதியவர்கள் பலரும் தடுமாறுவது இங்கேதான்.

வெப்பநிலைக்கு ஏற்ப மெழுகு பூசும் பலகைகளை இப்போதைக்கு விடுங்கள். அடியில் மயிர்ப்பட்டை ஒட்டிய பலகையை வாடகைக்கு எடுங்கள். அதற்குப் பிடிப்பு மெழுகு தேவையில்லை.

இடம்: டி-பானே மெட்ரோ ரயிலில் சொங்ஸ்வான் கடைசி நிறுத்தம். அங்கிருந்து உல்லவோல்செத்தர் விடுதிக்கு 5, 6 கிலோமீட்டர் மெல்லிய ஏற்றம். போகும்போது ஏற்றம் என்றால் திரும்பும்போது இறக்கம் என்பதை மறக்க வேண்டாம். முன்முனைகளைச் சேர்த்து, பின்முனைகளை விரித்து நிறுத்தும் முறையை முதலில் சமதரையில் பழகிக்கொள்ளுங்கள். பாதி வழியில் திரும்பினாலும் நட்டமில்லை. இந்த வழி போகும் நூர்மார்க்கா காட்டின் பாதைகளை 1883இல் தொடங்கிய ஸ்கீஃபொரெனிங்கன் சங்கம் இயந்திரம் கொண்டு சீர்செய்கிறது. அன்றைய பாதை நிலவரத்தை அவர்களின் தளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். விழுந்தால் முதலில் தடத்தைவிட்டு விலகுங்கள். வெறும் சப்பாத்தோடு தடத்தின் மேல் நடக்காதீர்கள். மற்றவர்கள் முகம் சுளிப்பார்கள்!

கேள்வி: எனக்குக் குளிர் கொஞ்சமும் ஆகாது. தடித்த ஜாக்கெட்டும் ஜீன்ஸும் போட்டுப் போனால் போதுமா?
– ஒரு தாய், ட்ரம்மன்

பதில்: இரண்டுமே வேண்டாம். லாங்ரென்னில் கை, கால், முதுகு எல்லாம் ஒன்றாக உழைக்கும். தடித்த ஜாக்கெட்டுக்குள் சிறிது நேரத்திலேயே வியர்த்துவிடும். ஆபத்து தொடங்குவது நீங்கள் நின்ற பிறகு. தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும் பருத்தி, உடல் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஜீன்ஸும் பருத்திதான்.

தோலை ஒட்டி மெல்லிய கம்பளி உள்ளாடை, அதன் மேல் இன்னொரு கம்பளிச் சட்டை, வெளியே காற்றைத் தடுக்கும் மெல்லிய மேலுறை. இவ்வளவு போதும். புறப்படும்போது இலேசாகக் குளிர வேண்டும். அதுதான் சரியான அளவு. தடித்த ஜாக்கெட் பைக்குள் இருக்கட்டும். இளைப்பாற உட்காரும் முன்பே அதை எடுத்துப் போடுங்கள்.

காற்றையும் கணக்கில் எடுங்கள். −10 பாகையில் வினாடிக்கு 10 மீட்டர் காற்று வீசினால் திறந்த தோலுக்கு −20 போல உறைக்கும். பிள்ளைகளின் கன்னம், மூக்கு, காது வெளுத்து உணர்ச்சி குறைந்தால் வெறும் உள்ளங்கையை வைத்துச் சூடேற்றுங்கள், தேய்க்கவே கூடாது. இழுவண்டியில் அசையாமல் இருக்கும் குழந்தை, இழுத்து வியர்க்கும் உங்களைவிட வெகு சீக்கிரம் குளிர்ந்துவிடும். அடிக்கடி அதன் கழுத்தைத் தொட்டுப் பாருங்கள்.

கேள்வி: சனிக்கிழமை ஸ்கீ, மறுநாள் குடும்பத்தோடு மலை ஏறலாம் என்று நினைக்கிறோம். குளிர்காலத்தில் அது பாதுகாப்பானதா?
– ஒரு வாசகி, லோரன்ஸ்கூக்

பதில்: எந்த மலை, எந்த நேரம் என்பதைப் பொறுத்தது. முதல்முறை என்றால் ஒஸ்லோவுக்கு மேற்கே உள்ள கோல்சோஸ் போன்ற, 400 மீட்டருக்கும் குறைந்த குன்று போதும். அங்கும் பாதை பனிக்கட்டியாக இறுகியிருக்கலாம். சப்பாத்தின் அடியில் மாட்டும் முள்பட்டையை எல்லோருக்கும் எடுத்துச் செல்லுங்கள்.

டிசம்பர் இறுதியில் ஒஸ்லோவில் சூரியன் 6 மணி நேரம்கூட நிற்பதில்லை. பிற்பகல் 3 மணி தாண்டியதும் மறைந்துவிடும். பெப்ரவரி நடுவில் 9 மணி நேரம் வெளிச்சம் உண்டு. பழகுவதற்கு அந்த மாதமே நல்லது. அப்போதும் தலைவிளக்கு, சுடுநீர்ப் போத்தல், சொக்கலேட், மாற்றுக் கையுறை பையில் இருக்கட்டும். கைப்பேசியை உள்சட்டைப் பையில் வையுங்கள். குளிரில் மின்கலம் விரைவில் இறங்கும்.

மரமில்லாத உயர்மலைக்குப் போவதென்றால் கதை வேறு. 30 பாகைக்கு மேல் சாய்ந்த மலைச்சரிவில் பனிச்சரிவு விபத்து நேரலாம். அதன் அடிவாரத்தில் நடப்பவரையும் அது விடாது. வர்சொம் தளத்தில் அன்றைய எச்சரிக்கை நிலையைப் பார்க்காமல் அந்தப் பக்கம் போகாதீர்கள். அனுபவம் உள்ளவர் துணையின்றியும் போக வேண்டாம்.

நோர்வேயின் மலை ஒழுங்கு விதிகள் மொத்தம் 9. செஞ்சிலுவைச் சங்கமும் டிஎன்டி எனப்படும் மலையேற்றச் சங்கமும் 2016இல் அவற்றைப் புதுப்பித்தன. உரிய நேரத்தில் திரும்பிவிடு, திரும்புவதில் வெட்கமில்லை என்பது அவற்றில் ஒன்று. உச்சிக்கு அருகில் வந்துவிட்டோமே என்ற ஆசையில்தான் பலர் நேரம் கடந்து போகிறார்கள். ஆகவே வீட்டிலிருந்து கிளம்பும்போதே திரும்பும் நேரத்தை முடிவு செய்யுங்கள். போகும் வழியையும் அந்த நேரத்தையும் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். மலையில் வழி தவறினால் அழைக்க வேண்டிய எண் 112.