பள்ளத்தில் அடிவாங்கிய காருக்கு இன்சூரன்ஸ் வருமா?

மழை பெய்துவிட்டால் ஓசூர் சிப்காட் பக்கம் தண்ணீருக்கடியில் பள்ளம் இருப்பதே தெரியாது. கார் இறங்கி அடிவாங்கினால்? தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால் ஒரு ரூபாய்கூட வராது. ஓன் டேமேஜும் சேர்ந்த பாலிசி என்றால் சஸ்பென்ஷன், வீல் சேதத்தை விபத்தாகக் கேட்கலாம். டயர் மட்டும் கிழிந்தால் கிடைக்காது. வண்டியும் சேர்ந்து சேதமானால் புது டயர் விலையில் பாதிவரை கிடைக்கும். நாள்பட்ட தேய்மானம் கணக்கில் சேராது.

பலர் கோட்டைவிடுவது இங்கேதான்: அடியில் ஆயில் சொட்டுவதைப் பார்த்தும், "கிருஷ்ணகிரி போய்ப் பார்த்துக்கலாம்" என்று ஓட்டுவார்கள். ஆயில் சம்ப் உடைந்த காரை ஓட்டி இன்ஜின் சீஸானால் அந்தச் செலவு உங்கள் தலையில்தான். தயவுசெய்து உடனே நிறுத்துங்கள். பள்ளம், சக்கரம், நம்பர் பிளேட் தெரியும்படி போட்டோ எடுத்து, கம்பெனிக்குச் சொல்லிவிட்டு வண்டியை டோ செய்யுங்கள். தேசிய நெடுஞ்சாலை 44 என்றால் உதவிக்கு 1033. சர்வேயர் பார்க்கும்வரை மெக்கானிக் கை வைக்க வேண்டாம். அத்திப்பள்ளி தாண்டி கர்நாடகத்தில் நடந்தாலும் பாலிசி செல்லும்.

சின்னச் சேதத்துக்குக் கிளெய்ம் போடாதீர்கள். 1500 சிசி வரை 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000 ரூபாய் கட்டாயமாகக் கழிப்பார்கள். நோ கிளெய்ம் போனஸும் போய்விடும்.