உடம்பில் அழற்சி, மனசில் சோர்வு: தட்டில் இருக்கும் தொடர்பு



"எந்நேரமும் படுத்தே கிடக்கிறான், சோம்பேறி!" இப்படி ஒரு பையனைப் பற்றி நம்ம தோட்டத்தில் பேசுவதைக் கேட்டிருப்பீங்க. அது சோம்பலா, மனச்சோர்வா என்று யாரும் கேட்கிறதில்லை. 2022இல் நம் நாட்டில் 13 முதல் 17 வயது மாணவர்களிடம் நடந்த தேசிய சுகாதார ஆய்வில், நால்வரில் ஒருவருக்கு மேல் மனச்சோர்வு அறிகுறி இருந்தது. இருபது பேர் உள்ள வகுப்பில் ஐந்து பேர் என்று கணக்குப் போட்டுக்குங்க. கோலா தெர்லாவும் இந்த நாட்டில்தான் இருக்கு.

அழற்சி என்றால் என்ன?

கவ்வாத்துக் கத்தி கையில் பட்டால் அந்த இடம் சிவந்து, வீங்கி, சுடும். கிருமியோடு உடம்பு போடும் சண்டை அது. காயம் ஆறினால் தணிஞ்சிடும். இதுதான் அழற்சி. ஆனால் சிலருக்கு இது தணியாமல், கண்ணுக்குத் தெரியாமல், உடம்பு முழுக்கக் கனன்றுகொண்டே இருக்கும்.

காய்ச்சல் வந்தால் பசிக்காது, யாரோடும் பேசப் பிடிக்காது, போர்வைக்குள்ளே சுருண்டுக்கத் தோணும். 'சைட்டோகைன்' எனும் அழற்சித் தூதர்கள் மூளைக்குச் சொல்லும் சேதி அது. மனச்சோர்வின் அறிகுறிகளும் இதே மாதிரிதான் இருக்கு, கவனிச்சீங்களா? முன்பு ஹெபடைட்டிஸ் சி நோய்க்கு 'இன்டர்ஃபெரான்' ஊசி போட்டார்கள். அழற்சியைத் தூண்டும் அந்த மருந்தால், அதுவரை நல்லா இருந்த பலருக்கும் மனச்சோர்வு வந்தது. எல்லா மனச்சோர்வுக்கும் அழற்சிதான் காரணம் என்று இதற்குப் பொருள் இல்லை. இழப்பு, கடன், வீட்டுச் சண்டை, பரம்பரை என்று காரணங்கள் பல. அவற்றில் இதுவும் ஒன்று.

சாப்பாடு எங்கே வருது?

கீரை, பயறு, பழத்தில் உள்ள நார்ச்சத்தைக் குடலில் வாழும் நல்ல கிருமிகள் தின்று, அழற்சியைத் தணிக்கும் பொருள்களைத் தருகின்றன. தினமும் மேகியும் இனிப்புத் தண்ணீருமாக இருந்தால் அவை பட்டினி கிடக்கும். ஒரு டின் கோலாவில் ஏறக்குறைய எட்டுத் தேக்கரண்டி சீனி! வயிற்றில் சேரும் கொழுப்பும் அழற்சித் தூதர்களை அனுப்பும். 2019 ஆய்வின்படி மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. மற்ற இனத்தாரைவிட நாமே முன்னால் நிற்கிறோம்.

ஆஸ்திரேலியாவில் மனச்சோர்வு உள்ள 67 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2017இல் வெளியானது. ஒரு குழுவுக்கு 12 வாரம் காய்கறி, பயறு, மீன், முழுத்தானியம் சாப்பிட வழிகாட்டினார்கள். இன்னொரு குழுவோடு பேசித் துணையாக இருந்தார்கள். முடிவில் முதல் குழுவில் 32 விழுக்காட்டினருக்கும், இரண்டாவதில் 8 விழுக்காட்டினருக்கும் நோய் விலகியது. சின்ன ஆய்வுதான், ஆனாலும் நம்பிக்கை தருது.

நாம் என்ன செய்யலாம்?

நம்ம மலையில் விளையும் கோஸும் பீன்ஸும் லாரி ஏறிக் கோலாலம்பூர் போகுது. நம்ம தட்டிலும் அது இருக்கட்டும்.

• பசியாற ரொட்டி சானாய்க்குப் பதில் வாரத்தில் சில நாள் அவிச்ச கடலையோ பயறோ.
• தேநீரில் சீனியைப் பாதியாக்குங்க.
• மீன் சாப்பிடுவோருக்குக் கெம்போங் மீன். சைவருக்குத் தெம்பே, பருப்பு.
• நேரத்துக்குத் தூக்கம், தினமும் நடை.

கீதையின் 17ஆம் அத்தியாயம் உணவை மூவகையாகப் பிரித்து, அது மனத்தோடு கொண்ட உறவைப் பேசுகிறது. நமக்கு இது புதுசு இல்லை.

ஒன்று மட்டும் மறக்காதீங்க: கீரை மருந்துக்கு மாற்று இல்லை. டாக்டர் கொடுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் சோர்வு நீடித்தால் கிளினிக் போங்க. உயிரை விடத் தோன்றினால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீங்க. பக்கத்தில் இருப்பவரிடம் உடனே சொல்லுங்க, 15555 என்ற 'ஹீல்' எண்ணை அழையுங்க.

வட்டத்தில் கலந்துரையாட

1. நேற்று நாம் சாப்பிட்டதில் நார்ச்சத்து எது, வெறும் சீனி எது?
2. கோயில் அன்னதானத்தில் எதைக் கூட்டலாம், எதைக் குறைக்கலாம்?
3. கூட்டத்துக்கு வருவதை நிறுத்திய நண்பரை இந்த வாரம் யார் போய்ப் பார்ப்பது?