டாரட்டின் வரலாறு: எந்த நூலை நம்பலாம்?

டாரட் பற்றிய புத்தகம் ஏதாவது கைக்கு வந்தால், முதலில் அதன் வரலாற்று அத்தியாயத்தைப் புரட்டுங்கள். எகிப்தியப் பூசாரிகள் தங்கள் ஞானத்தை 78 சீட்டுகளில் ஒளித்து வைத்தார்கள் என்று அங்கே எழுதியிருந்தால், பலன் பார்க்கக் கற்க அந்த நூல் உதவலாம், வரலாற்றுக்கு உதவாது. அந்தக் கதை எப்போது பிறந்தது என்பது தெரிந்ததுதான். 1781-இல் பாரிஸில் கூர் தெ ஜெபலின் என்ற அறிஞர் தன் பெருநூலின் எட்டாம் தொகுதியில் அதை எழுதினார். எகிப்திய எழுத்தை ஷம்போலியோன் படித்துக் காட்டியதோ 1822-இல். ஆகவே ஜெபலின் சொன்னது வெறும் ஊகம்.

ஆவணங்கள் நம்மை இத்தாலிக்கு அழைத்துப் போகின்றன. 1440 செப்டம்பரில் ஜுஸ்தோ ஜுஸ்தி என்ற பத்திர எழுத்தர், சிஜிஸ்மோந்தோ மலதெஸ்தா பிரபுவுக்குப் புளோரன்ஸில் செய்த ‘திரியோன்ஃபி’ (டாரட்டின் அன்றைய பெயர்) சீட்டுக்கட்டு ஒன்றைப் பரிசளித்ததாகத் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். 1442 பிப்ரவரியில் பெராராவின் எஸ்தே அரண்மனைக் கணக்கேட்டிலும் அதே பெயர் வருகிறது. இரண்டிலும் ஜோதிடம் இல்லை. துருப்புச் சீட்டு வைத்து ஆடும் ஆட்டம் அது.

படிக்கத் தொடங்க மைக்கேல் டம்மெட் 1980-இல் வெளியிட்ட ‘தி கேம் ஆஃப் டாரட்’ நூலைத்தான் சொல்வேன். ஆக்ஸ்ஃபோர்டில் தத்துவப் பேராசிரியராக இருந்தவர் அவர். சான்று இல்லாத வாக்கியத்தை விட்டுவைக்காதவர். கனத்த நூல், கடையில் கிடைப்பது அரிது. பெரிய நூலகங்களில் கேட்டுப் பாருங்கள். ஆனால் அதோடு நின்றுவிடக் கூடாது. டம்மெட் எழுதும்போது பெராரா கணக்கேடுதான் மிகப் பழைய சான்று. ஜுஸ்தியின் குறிப்பு சீட்டு ஆய்வாளர்களின் கண்ணில் பட்டது பல ஆண்டுகள் கழித்துத்தான். இப்படிப்பட்ட புதிய கண்டுபிடிப்புகளுக்கு, சர்வதேசச் சீட்டுக்கட்டுச் சங்கத்தின் ‘தி பிளேயிங்-கார்டு’ இதழைப் பார்க்க வேண்டும். தியெரி தெபோலிஸ், பிராங்கோ பிராட்டேசி ஆகிய இருவரின் கட்டுரைகளைத் தவறவிடாதீர்கள். பிரெஞ்சும் இத்தாலியமும் தெரியாவிட்டாலும், ஆண்டு, ஊர், ஆவணப் பெயர் மூன்றையும் அவற்றிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். சீட்டாட்டம் குறி பார்க்கும் கலையாக மாறிய கதைக்கு, டெக்கர், தெபோலிஸ், டம்மெட் மூவரும் சேர்ந்து 1996-இல் எழுதிய ‘எ விக்கெட் பேக் ஆஃப் கார்ட்ஸ்’ போதும். ஸ்டூவர்ட் காப்லனின் கலைக்களஞ்சியம் படங்களுக்காகவே வைத்துக்கொள்ளத் தக்கது.

புத்தகத்தோடு சீட்டுகளையும் பாருங்கள். 15-ஆம் நூற்றாண்டின் விஸ்கோந்தி-ஸ்போர்ஸா கட்டில் எஞ்சியவை 74. அவற்றில் 35 நியூயார்க்கின் மோர்கன் நூலகத்திலும் 26 பெர்கமோவின் கராரா அகாதெமியிலும் இருக்கின்றன; மற்றவை ஒரு குடும்பத்திடம். கடையில் விற்கும் மறுபதிப்பில் 78-ம் இருக்கும். சாத்தான், கோபுரம் உட்பட நான்கு சீட்டுகள் நம் காலத்தில் வரைந்து சேர்த்தவை. அந்தச் சாத்தானைக் காட்டி மறுமலர்ச்சிக் கால நம்பிக்கையை விளக்கினால் கட்டுரையே சரிந்துவிடும். மோர்கன் நூலகமும் யேல் பல்கலைக்கழகத்தின் பைனெக்கி நூலகமும் தங்களிடம் உள்ள சீட்டுகளின் படங்களை இணையத்தில் வைத்துள்ளன, கட்டணம் இல்லை.

ஒரு செய்தியை எப்படித் துருவுவது என்பதற்குப் பாரிஸ் தேசிய நூலகத்தில் உள்ள 17 சீட்டுகளே நல்ல உதாரணம். 1392-இல் பிரெஞ்சு மன்னர் ஆறாம் சார்லஸுக்காக ஓவியர் கிரங்கோனர் வரைந்தவை என்று பல நூல்களில் படிப்பீர்கள். மூல ஆவணம் அரண்மனைக் கணக்கில் ஒரு வரவு-செலவுக் குறிப்பு. பொன்னும் வண்ணமும் தீட்டிய மூன்று சீட்டுக்கட்டுகளுக்குப் பணம் கொடுத்ததாக மட்டுமே அது சொல்கிறது. டாரட் என்ற பேச்சே இல்லை. நூலகத்தில் இருக்கும் 17-ம் 15-ஆம் நூற்றாண்டு இத்தாலியக் கைவேலை. கணக்குக் குறிப்பையும் சீட்டுகளையும் பின்னால் வந்தவர்கள் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். ‘ஆறாம் சார்லஸ் டாரட்’ என்ற பெயர் மட்டும் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆகவே எந்தத் தேதியைப் படித்தாலும், அது எந்த ஏட்டில் எந்தச் சொற்களில் இருக்கிறது என்று கேளுங்கள். அதைச் சொல்லாத நூலாசிரியரை மேற்கோள் காட்டாதீர்கள்.

இதற்காக எட்டெய்லா, எலிஃபாஸ் லெவி, வெய்ட் ஆகிய மறைஞான எழுத்தாளர்களின் புத்தகங்களை ஒதுக்கிவிட வேண்டாம். அவரவர் காலத்து மனிதர்கள் டாரட்டைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதற்கு அவையே முதன்மைச் சான்று. 1909-இல் வெய்ட்டின் வழிகாட்டுதலில் பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்த புகழ்பெற்ற கட்டைப் பற்றி எழுத, வெய்ட்டைப் படிக்காமல் முடியாது. எகிப்தியக் கதையை வெய்ட்டே ஏற்கவில்லை என்பதையும் அங்கே காண்பீர்கள்.