கிணற்றடி மோட்டரும் கம்பியின் தடையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் செம்மண் தோட்டங்களில் ஒருகாலத்தில் துலா மிதித்து நீரிறைத்த கிணறுகள் பலவற்றில் இன்று மின்மோட்டர் இறைக்கின்றது. வெங்காயம் கிழங்கு பருக்கும் வேளையில் மோட்டர் உறுமிவிட்டு நின்றுபோனால் கமக்காரர் படும் இடர் பெரிது. சுருள் கருகினால் பழுதுபார்க்கும் செலவு ஒருபுறம்; நீரின்றி வாடும் பயிர் மறுபுறம். இத்தகைய பழுதுகள் சிலவற்றுக்குக் காரணம் மோட்டரன்று. வீட்டிலிருந்து கிணற்றடிவரை இழுக்கப்பட்ட மெல்லிய கம்பியே. இதனை எளிய கணக்கினால் அறியலாம்.

மூன்று அளவுகள்

மின்னைத் தள்ளும் அழுத்தம் வோல்ற்றிலும், கம்பியிற் செல்லும் ஓட்டம் அம்பியரிலும், ஓட்டத்தை எதிர்க்கும் தடை ஓமிலும் அளக்கப்படும். இவற்றின் தொடர்பைச் செருமனி நாட்டு அறிஞர் ஓம் 1827இல் வெளியிட்டார். அழுத்தத்தை ஓட்டத்தினால் வகுக்கத் தடை கிடைக்கும். அழுத்தத்தை ஓட்டத்தினாற் பெருக்க வலு வாற்றிற் கிடைக்கும். ஓட்டத்தின் வர்க்கத்தைத் தடையினாற் பெருக்கினும் அதே வலு வரும்.

உதாரணமாக, 230 வோல்ற்றில் 5 அம்பியர் எடுக்கும் மின்கேத்தலின் தடை 230 ÷ 5 = 46 ஓம். அதன் வலு 230 × 5 = 1150 வாற்று.

இக்கணக்கு வெப்பச் சுருளுக்குப் பொருந்தும்; மோட்டருக்கு அப்படியே பொருந்தாது. மோட்டரின் வலுவை அறிய வலுக்காரணியாலும் பெருக்குதல் வேண்டும். 7 அம்பியர் எடுக்கும் மோட்டரின் வலுக்காரணி 0.8 ஆயின், அது பெறும் வலு 230 × 7 × 0.8 = 1288 வாற்று. ஒரு பரிவலு 746 வாற்றுக்குச் சமம். ஒரு பரிவலு மோட்டர் அதனிலும் கூடிய மின்வலுவைப் பெறுதல் இயல்பே. எஞ்சியது பெரும்பாலும் வெப்பமாகக் கழிகின்றது.

கம்பியின் தடையை அறிதல்

மோட்டரை நிறுத்திவிட்டுக் கிணற்றடியில் வோல்ற்றுமானியை வைத்து, “230 வோல்ற்று உண்டு, கம்பியிற் குறையில்லை” எனச் சிலர் முடிவு செய்வர். இது தவறு. ஓட்டமில்லாத கம்பியில் அழுத்தம் குறையாது. ஓட்டம் செல்லும்போதே அளத்தல் வேண்டும்.

கிணறு வீட்டிலிருந்து 100 மீற்றர் தொலைவில் உள்ளதெனவும், 1.5 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பி இழுக்கப்பட்டுள்ளதெனவும் கொள்வோம். கிணற்றடியில் ஒரு மின்கேத்தலை இணைத்து ஒரே வேளையில் அளந்தபோது கிடைத்தவை:

வீட்டில் அழுத்தம்: 230 வோல்ற்று
கிணற்றடியில் அழுத்தம்: 218.5 வோல்ற்று
ஓட்டம்: 5 அம்பியர்

கம்பியில் இழந்த அழுத்தம் 11.5 வோல்ற்று. ஆகவே கம்பியின் தடை 11.5 ÷ 5 = 2.3 ஓம். இது போகும் கம்பி, திரும்பும் கம்பி ஆகிய இரண்டினதும், அதாவது 200 மீற்றர் நீளத்தினது தடையாகும்.

மோட்டர் புறப்படும் வேளை

மோட்டர் புறப்படும் கணத்தில் வழமையான ஓட்டத்தைப்போல் நான்கைந்து மடங்கு எடுக்கும். 7 அம்பியர் மோட்டர் அப்போது 30 அம்பியர் எடுப்பின், கம்பியில் 30 × 2.3 = 69 வோல்ற்று வரை இழக்கப்படலாம். மோட்டருக்கு எஞ்சுவது ஏறக்குறைய 161 வோல்ற்று. அதாவது பத்தில் ஏழு பங்கு. மோட்டரின் திருப்புவலிமையோ அழுத்தத்தின் வர்க்கத்திற்கேற்பக் குறையும். ஆகவே வலிமை பாதியாகின்றது. மோட்டர் சுழல மாட்டாது உறுமுவதும், பெரும் ஓட்டம் நீடித்துச் சுருள் கருகுவதும் இதனாலேயே.

ஓடும்போதும் இழப்பு உண்டு. 7 × 7 × 2.3 = 112.7 வாற்று கம்பியில் வெப்பமாக வீணாகும். பத்து மணி நேர இறைப்பில் இது ஓர் அலகுக்கு மேற்பட்ட மின்சாரமாகும்.

ஏற்ற கம்பி

நீளம் கூடத் தடை கூடும். குறுக்குவெட்டுப் பரப்புக் கூடத் தடை குறையும். அதே தூரத்திற்கு 4 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பி இடப்படின், தடை 2.3 × 1.5 ÷ 4 = 0.86 ஓம் ஆகும். புறப்படும்போது இழப்பு ஏறக்குறைய 26 வோல்ற்று. ஓடும்போது 42 வாற்று மாத்திரமே.

கவனிக்க வேண்டியவை

1. கம்பி வாங்குமுன் வீட்டிற்கும் கிணற்றிற்கும் இடைத்தூரத்தை அளந்து, அதனை இரண்டாற் பெருக்கிக் கணக்கிடுக.

2. மோட்டர் உறுமி நின்றால் உடனே ஆளியை நிறுத்துக. மீண்டும் மீண்டும் போட்டுப் பார்த்தல் ஆகாது.

3. உருகி அடிக்கடி எரிகின்றதென்று தடித்த கம்பியை இட வேண்டாம். உருகி எரிதல் ஓர் எச்சரிக்கையாகும்.

4. இணைப்புகள் தளர்ந்திருப்பினும் தடை கூடும். இணைப்பு சூடாகுமாயின் மின்சாரத்தை நிறுத்தித் திருத்துவிக்க.

5. மோட்டரின் உடல் புவியுடன் இணைக்கப்பட்டிருத்தல் அவசியம். ஈரக் கையுடனோ, நீர் தேங்கிய நிலத்தில் நின்றோ மின்கருவிகளைத் தொடுதல் உயிருக்கு ஆபத்தானது.

6. மேற்கூறிய அளவீடுகளைத் தகுதிபெற்ற மின்வேலையாளரைக் கொண்டே செய்விக்க. அவர் தரும் எண்களைக் கொண்டு கணக்கினைக் கமக்காரர் தாமே செய்து பார்க்கலாம்.

தடித்த கம்பிக்கு முதலிற் செலவு சிறிது கூடும். ஆயினும் கருகிய சுருளையும் வாடிய பயிரையும் நோக்கின், அச்செலவு வீண்செலவாகாது.