20 மில்லிகிராம் பாதுகாப்பானதா?

ஒரு நகரத்தின் மண்ணில் நஞ்சு கலந்திருக்கிறது என்ற செய்தி வந்தால், "எவ்வளவு?" என்றுதான் முதலில் கேட்போம். ஆய்வுகூடம் ஓர் எண்ணைத் தந்துவிடும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு, அங்கே பிள்ளைகள் விளையாடலாமா, கீரை நடலாமா என்று எப்படித் தீர்மானிப்பது? இதற்கென இருப்பதுதான் சுகாதார இடர் மதிப்பீடு. பெயர் பெரிதாக இருந்தாலும் அதன் அடிப்படை வெறும் பெருக்கலும் வகுத்தலுமே. உயர்தர விஞ்ஞான மாணவியர் மட்டுமல்ல, உம்மாமாரும் வாப்பாமாரும் இதை விளங்கிக்கொள்ளலாம். தமிழ்நாட்டின் கொடைக்கானலில் நடந்ததை உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

1980களில் ஐக்கிய அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்திலுள்ள வாட்டர்டவுனிலிருந்து ஒரு வெப்பமானித் தொழிற்சாலை கொடைக்கானல் மலைக்கு இடம்மாற்றப்பட்டது. பின்னர் அது யுனிலீவர் குழுமத்தின் ஹிந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. 2001 மார்ச் மாதம், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி நகரின் பழைய பொருட்கடை ஒன்றில் கிடப்பது அம்பலமாயிற்று. தொழிற்சாலை மூடப்பட்டது. 2003இல் ஏறக்குறைய 290 தொன் கழிவு அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. ஆனால் வளவின் மண்ணை அப்படி அனுப்பிவிட முடியவில்லை. வளவை ஒட்டிக் கீழே பாம்பார் சோலைக் காடு இருக்கிறது. முன்னாள் தொழிலாளர்கள் தமது நோய்களுக்குப் பாதரசமே காரணம் என்று பல ஆண்டுகள் போராடினார்கள். நிறுவனம் அதைத் தொடர்ந்து மறுத்தது. இறுதியில் 2016இல் 591 தொழிலாளர் தொடர்பில் உடன்படிக்கை ஏற்பட்டது.

மண்ணை எந்த அளவுக்குத் துப்புரவாக்குவது என்பது இன்னொரு வழக்கு. ஒரு கிலோகிராம் மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்று இலக்கு வைக்கப்பட்டது. அது போதாது என்றார்கள் சூழல் ஆர்வலர்கள். யார் சொல்வது சரி? நாமே கணக்கிட்டுப் பார்ப்போம். இது வகுப்பறைக் கணக்குத்தான். அங்கே நிபுணர்கள் செய்த மதிப்பீடு இதைவிட விரிவானது.

சிறு பிள்ளை மண்ணை அள்ளித் தின்னாவிட்டாலும், கைவிரல், விளையாட்டுப் பொருள், வீட்டுத் தூசி வழியாக நாள்தோறும் கொஞ்சம் மண் வயிற்றுக்குள் போகிறது. அமெரிக்கச் சூழல் பாதுகாப்பு முகவரகத்தின் கணக்குகளில் நெடுங்காலம் பயன்பட்ட அளவு நாளொன்றுக்கு 200 மில்லிகிராம், அதாவது 0.0002 கிலோகிராம். பிள்ளையின் நிறை 15 கிலோகிராம். 20ஐ 0.0002ஆல் பெருக்கினால் 0.004 மில்லிகிராம் பாதரசம். அதை 15ஆல் வகுத்தால், உடல் நிறையின் ஒரு கிலோகிராமுக்குச் சுமார் 0.00027 மில்லிகிராம். பாதரச உப்புகளுக்கு அதே முகவரகம் வைத்துள்ள மேற்கோள் அளவு 0.0003. முன்னதைப் பின்னதால் வகுக்க 0.9 வருகிறது. இந்த விகிதம் 1ஐத் தாண்டாவிட்டால் கவலை குறைவு என்பது விதி.

அப்பாடா என்று மூச்சுவிட அவசரப்பட வேண்டாம். 1க்கும் 0.9க்கும் இடையே மிஞ்சியிருப்பது ஒரு துளி இடம். நாம் கணக்கிட்டதோ வாய்வழியே போன மண்ணை மட்டும். அதே பிள்ளை மூச்சும் விடுகிறது, மீனும் சாப்பிடுகிறது. சுறா, தளப்பத்து போன்ற பெரிய மீன்களில் பாதரசம் மெதைல் பாதரசம் என்ற வேறு வடிவில் சேர்ந்திருக்கும். வயிற்றிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிப்பது அதுவே. பகலும் இரவும் மீன் ஆணமுள்ள நம் கரையோர வீடுகளில் இதைத் தள்ளிவிட்டுக் கணக்குப் போட முடியாது.

வடிவம் என்று சொன்னோமே, அதுதான் இதில் மிக நுட்பமான இடம். இங்கிலாந்தின் சூழல் முகவரகம் 2009இல் குடியிருப்பு மண்ணுக்குப் பாதரச வழிகாட்டி அளவுகளை வெளியிட்டபோது ஒரே எண்ணைத் தரவில்லை. கிலோகிராமுக்கு உலோகப் பாதரசம் 1 மில்லிகிராம், மெதைல் பாதரசம் 11, அசேதனச் சேர்மங்கள் 170. வெப்பமானிக்குள் இருப்பது உலோகப் பாதரசம். அது சாதாரண வெப்பநிலையிலேயே ஆவியாகும்; ஆகவே பிள்ளையின் கையைவிட மூக்கே அதற்குப் பெரிய வாசல். மண்ணில் கிடந்து காலப்போக்கில் அது வேறு சேர்மங்களாகவும் மாறும். ஆகவே 20 என்பது 170க்குப் பக்கத்தில் சிறியது, 1க்குப் பக்கத்தில் பெரியது. மண்ணில் எந்த வடிவம் எவ்வளவு என்று சொல்லாமல் மொத்த அளவை மட்டும் நீட்டும் அறிக்கை, என் பார்வையில், அரைகுறை அறிக்கையே.

ஈயத்துக்கு இந்த விகிதக் கணக்கே பொருந்தாது. பாதுகாப்பான அளவு என்று ஈயத்துக்கு எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். செனகலின் தலைநகர் டக்கார் அருகே தியாரோய் சூர் மேர் என்ற ஊரில், பழைய வாகன பற்றரிகளின் ஈயம் கலந்த மண்ணால் 2007 இறுதிக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் 18 பிள்ளைகள் இறந்துபோனார்கள். இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நிறுத்தப்பட்டது. ஆனால் வீதியோர மேல்மண்ணில் படிந்த ஈயம் இலேசில் அகலாது. வீட்டு வளவில் பற்றரி உடைப்பதை யாராவது சிறு தொழில் என்று சொன்னால் அந்த 18 பிள்ளைகளைச் சொல்லுங்கள்.

நம் கல்முனைக் கரையோர மண் மலைமண் போன்றதல்ல. மணலில் களியும் உக்கலும் குறைவு. உலோகத்தைப் பிடித்துவைக்கும் சக்தியும் குறைவு. மேலே கொட்டியது மழையோடு கீழிறங்கி, ஆழமில்லாத கிணற்றை எட்டலாம். எனவே இங்கே மண்ணைச் சோதித்துவிட்டுக் கிணற்று நீரைச் சோதிக்காமல் விடுவது பாதி வேலை.

பாடசாலைச் செயற்றிட்டமாக இதை எடுக்கும் மாணவியர் மாதிரி எடுக்கும் இடத்தில் கவனம் வையுங்கள். பிள்ளைகள் விளையாடும் இடமென்றால் மேலே இரண்டு மூன்று சென்ரிமீற்றர் மண். கீரைப் பாத்தியென்றால் வேர் போகும் ஆழம் வரை. ஒரு மூலையில் அள்ளிய ஒரு பிடி போதாது. பல இடங்களில் எடுத்து, பெயரெழுதி, தனித்தனியே வையுங்கள். ஆய்வுகூடத்தில் கொடுக்கும்போது நுண்ணரிப்பில் அரித்துச் சோதிக்கும்படி கேளுங்கள். உலோகம் பெரும்பாலும் ஒட்டியிருப்பதும், பிள்ளையின் விரலில் ஒட்டுவதும் அந்த மெல்லிய தூள்தான்.