அடுப்படிக்கும் ஹாலுக்கும் நடுவே

கேள்வி: புது ஃப்ளாட்டில் சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவே சுவரே இல்லை. ஒரு மேடை கட்டிப் பிரிக்கலாம் என்கிறார் இன்டீரியர் வேலை பார்ப்பவர். இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது? (வாசகி, திருச்சி)

பதில்: மேடையின் கதைக்கு முன்னால் சுவரின் கதையைச் சொல்லியாக வேண்டும். நூறு வருஷத்துக்கு முன்பு ஐரோப்பாவின் ஏழைத் தொழிலாளிக் குடும்பங்கள் பலவற்றுக்குச் சுவர்தான் எட்டாத வசதி. அடுப்பு எரிகிற அறையிலேயே சாப்பாடு, துணி உலர்த்துவது, பிள்ளைகள் படுப்பது எல்லாம். 1920-களில் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரம் கட்டடக் கலைஞர் எர்ன்ஸ்ட் மை தலைமையில் ஆயிரக்கணக்கில் வீடுகள் கட்டியது. அவற்றுக்காக 1926-இல் சமையலறையை வடிவமைத்தவர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியப் பெண். ரயிலின் உணவுப் பெட்டியில் எத்தனை சின்ன இடத்தில் எத்தனை பேருக்குச் சமைக்கிறார்கள் என்பதுதான் அவருக்கு முன்மாதிரி. அகலம் ஏறத்தாழ 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். மாவுக்கும் அரிசிக்கும் மூக்கு வைத்த அலுமினிய இழுப்பறைகள். உருவி எடுத்து அப்படியே பாத்திரத்தில் சாய்க்கலாம். ஹாலுக்குப் போக ஒரு நகரும் கதவு. திறந்து வைத்தால் கை வேலையில் இருக்கும்போதே பிள்ளைகள் மேல் ஒரு கண் இருக்கும். மூடினால் நெடி அந்தப் பக்கம் போகாது. சுமார் 10,000 வீடுகளில் இதைப் பொருத்தினார்கள்.

ஆனால் அந்த அறையில் ஒருவர்தான் நின்று வேலை பார்க்க முடியும். உதவிக்கு இன்னொருவர் நுழைந்தால் இடிக்கும். சமைக்கிறவள் தனியாளானாள். என்னைக் கேட்டால், பின்னால் வந்த தடுப்புகள் எல்லாவற்றையும் ஒரு கேள்வியை வைத்துத்தான் எடைபோட வேண்டும்: அடுப்பருகே நிற்பவருக்கு வீட்டாரின் முகம் தெரிகிறதா?

இந்தக் கேள்விக்கு நேரான பதில் பிரான்சின் மார்செய் நகரில் கிடைத்தது. சண்டிகரை வடிவமைத்த லெ கொர்புசியே அங்கே கட்டிய 337 வீடுகள் கொண்ட அடுக்குமாடி 1952-இல் திறக்கப்பட்டது. அதன் சமையலறையை உருவாக்கியதில் பெரும் பங்கு வடிவமைப்பாளர் ஷார்லட் பெரியாண்டுடையது. சுவர் இருக்க வேண்டிய இடத்தில் தாழ்வான ஓர் அலமாரி; இரண்டு பக்கமும் நகரும் கதவுகள். கழுவிய தட்டைச் சமையலறைப் பக்கமாக உள்ளே அடுக்கினால், சாப்பாட்டு நேரத்தில் அதையே ஹால் பக்கமாக எடுத்துக்கொள்ளலாம். சமைத்ததை மேல்பலகையில் வைத்தால் அங்கிருந்து மேசைக்குப் போகும். சமைப்பவர் நின்ற இடத்திலிருந்தே வந்தவர்களோடு பேசலாம். உங்கள் மேடைக்கு முன்னோடிகளில் முக்கியமானது இது. ஆகவே தாராளமாகக் கட்டுங்கள். ஹால் பக்கம் வெறும் டைல்ஸ் ஒட்டி விட்டுவிடாமல் அங்கேயும் கதவு வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: புத்தக அலமாரியையே தடுப்பாக நிறுத்தலாமா? (வாசகர், கோவை)

பதில்: நிறுத்தலாம். அமெரிக்காவின் மினியாபொலிஸில் ஃபிராங்க் லாய்ட் ரைட் வடிவமைத்து 1934-இல் எழுந்த வில்லி வீட்டில், சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே கண்ணாடியும் அலமாரித் தட்டுகளும்தான். முதுகுப் பலகை இல்லாமல் செய்தால் வெளிச்சம் தடைபடாது. ஆனால் அடுப்புக்கு நேரே இருக்கும் தட்டுகளில் புத்தகம் வேண்டாம், எண்ணெய்ப் பிசுக்கு படியும். அங்கே பாத்திரங்கள் இருக்கட்டும். குழந்தைகள் பிடித்து ஏறுவார்கள், அதனால் அலமாரியைச் சுவரோடோ கூரையோடோ கட்டாயம் இறுக்குங்கள்.

கேள்வி: மடக்குத் தட்டிகளைக் 'கோரமண்டல்' என்று விற்கிறார்கள். நம் ஊர்ச் சரக்கா? (வாசகி, புதுச்சேரி)

பதில்: இல்லை, சீனத்துச் சரக்கு. மரப் பலகைமேல் அரக்கு மெருகைப் பல பூச்சுகளாக ஏற்றி, அது காய்ந்தபின் உருவங்களைக் குடைந்து, குடைந்த பள்ளங்களில் வண்ணம் நிரப்புவார்கள். பெரும்பாலும் 12 மடிப்பு, ஆளைவிட உயரம். 17-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியக் கம்பெனிகளின் கப்பல்கள் இவற்றைச் சோழமண்டலக் கரை வழியாகக் கொண்டுபோனதால் நம் கரையின் பேர் ஒட்டிக்கொண்டது. ஐரோப்பாவில் சிலர் அவற்றை அறுத்து அலமாரிக் கதவுகளாகவும் மாற்றிக்கொண்டார்கள். அந்த வேலைப்பாட்டை நினைத்தால் மனசு பதறுகிறது. 20-ஆம் நூற்றாண்டில் ஆடை வடிவமைப்பாளர் கோகோ ஷனெல் பாரிஸில் தன் வீட்டை இந்தத் தட்டிகளால் நிறைத்தார். அரக்கு வேலைக்கு ஆவியும் சூடும் ஆகாது. அடுப்புப் பக்கம் நிறுத்த வேண்டாம். அங்கே மூங்கில் தட்டியோ பிரம்புத் தட்டியோ போதும், துடைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: மேடை, அலமாரி, தட்டி எது வைத்தாலும் மீன் வறுக்கிற நெடி ஹாலுக்கு வருகிறதே? (வாசகர், நாகப்பட்டினம்)

பதில்: வரத்தான் செய்யும். மேற்கத்திய வரைபடத்தை அப்படியே எடுத்துக் கட்டுகிறவர்கள் நம் தாளிப்பையும் வறுவலையும் கணக்கில் வைப்பதில்லை. இதற்கு ஃபிராங்க்ஃபர்ட் கதவையும் மார்செய் மேடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேடைக்கு மேலே கூரை வரை கெட்டிப்படுத்திய கண்ணாடியில் நகரும் கதவுகள் போடலாம். வறுக்கும்போது இழுத்து மூடலாம், மற்ற நேரம் திறந்தே கிடக்கட்டும். கேஸ் அடுப்பு என்பதால் சமையலறைக்கென்று தனி ஜன்னலும் எக்ஸாஸ்ட் ஃபேனும் இருந்தால் மட்டுமே மூடுகிற கதவு வையுங்கள். ஆள் நடமாடும் வழியில் கதவுக்கான தண்டவாளம் மேலேயே இருக்கட்டும். தரையில் காடி வெட்டினால் மாவும் பருக்கையும் அதற்குள் போய் அடைத்துக்கொள்ளும். தினமும் குச்சி வைத்து நோண்ட வேண்டியிருக்கும்.